எழுந்து நிற்காத சிலை

ஈஜியன் கடலிலே, சைக்கிளேட்ஸ் தீவுக் கூட்டத்தில் மிகப் பெரியது நாக்சோஸ். கிரேக்க நாட்டைச் சேர்ந்த அத்தீவின் வடகோடியில் அப்பொல்லோனாஸ் என்னும் மீனவச் சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு மேலே குன்றின் சரிவில் ஏறிச் சென்று, பழைய பளிங்குக் கற்சுரங்கம் ஒன்றைக் கண்டேன்.

அங்கே ஒரு மாபெரும் ஆண் சிலை மல்லாந்து கிடக்கிறது. நீளம் 10 மீட்டருக்கும் அதிகம். ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன் சிற்பிகள் அதனைத் தொடங்கி, முடிக்காமலே விட்டுச் சென்றனர். தலையும் தாடியும் உடலும் புலப்படுகின்றன. முகம் இன்னும் தெளிவு பெறவில்லை. தாடி இருப்பதனால், அது டயோனிசஸ் தெய்வத்தின் உருவமாகலாம் என்பர் அறிஞர்.

மாணவ நண்பர்களே, சிலையைச் சுரங்கத்திலேயே செதுக்குவானேன்? வேண்டாத கல்லை அங்கேயே கழித்துவிட்டால், கடற்கரைக்கு இழுத்துச் செல்லும் பாரம் குறையுமல்லவா? பாதியிலே கைவிட்டதற்குக் கல்லில் கண்ட விரிசலே காரணமாகலாம் என்று கருதப்படுகிறது.

நாக்சோஸ் நகரத் துறைமுகத்தருகே, கி.மு. 530-ஐ ஒட்டித் தொடங்கப்பெற்ற கோயிலொன்றும் முற்றுப்பெறாமலே போயிற்று. அதன் பளிங்கு வாயில் மட்டும் இன்றும் நிற்கிறது.

முற்றுப்பெற்ற சிலையில் உளியின் சுவடுகள் தேய்த்து மறைக்கப்பட்டிருக்கும். இச்சிலையிலோ அவை அப்படியே உள்ளன. பண்டைச் சிற்பிகள் வேலை செய்த முறையை அவற்றிலிருந்தே நாம் கற்றுக்கொள்கிறோம்.