தோலும் வீணில்லை

யாழ்ப்பாணத்து வளவுகளில் வாழைக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் இடம் கிணற்றடி. குளிக்கிற தண்ணீரும் உடுப்புத் தோய்க்கிற தண்ணீரும் சிறு வாய்க்கால் வழியாக அதன் அடிக்குப் போய்ச் சேரும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில், ஒருமுறை இறைத்த தண்ணீரை இரண்டு முறை பயன்படுத்தும் ஏற்பாடு அது. இப்படி வளர்ந்த வாழையின் இலை பந்திக்கும், நார் மாலை கட்டவும், பொத்தி சம்பலுக்கும் வடகத்துக்கும், தண்டு கறிக்கும் போகின்றன. குப்பைக்குப் போவது பெரும்பாலும் தோல் மட்டும்தான். பழத்தின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோல். அதை எறிவது சிறிய இழப்பு அல்ல.

சிக்கனம் தோலுக்கு முன்பே, குலை வீட்டுக்கு வரும் நாளிலேயே தொடங்குகிறது. நீர்வேலி, கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களிலிருந்து சந்தைக்குப் போகும் கதலிக் குலைகளைக் கிடங்கில் அடுக்கி, வாழையிலையால் மூடி, தேங்காய்ப் பொச்சைக் கனலவிட்டுப் புகையூட்டுவது பழைய முறை. புகையில் உள்ள எதிலீன் வாயு எல்லாச் சீப்புகளையும் ஒரே நேரத்தில் பழுக்கச் செய்யும். கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் அது தேவை. நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு அதுவே நட்டம், ஏனெனில் குலை முழுவதையும் இரண்டு மூன்று நாளில் தின்று முடிக்க முடியாது. குலையைப் புகையூட்டாமல் நிழலில் தூக்கிக் கட்டினால் முதலில் தோன்றிய மேற்சீப்பு முதலில் பழுக்கும், கீழே உள்ளவை ஒவ்வொன்றாகப் பின்தொடரும். அவசரத்துக்கு ஒரு சீப்பு வேண்டுமென்றால் அதை மட்டும் வெட்டி, பழுத்த பழம் ஒன்றுடன் மூடிய பாத்திரத்தில் வைத்தால் போதும். பழம் தானே எதிலீனை வெளியிடும். மாங்காயையும் இதே வழியில் பழுக்க வைக்கலாம். பழுத்த பின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுக்கும், உள்ளே பழம் கெடாது. காயாக வைத்தால் 13 பாகை செல்சியசுக்குக் கீழே அது ஒழுங்காகப் பழுக்காமலே போகும்.

தோல் கறுத்து, கை வைத்தால் குழையும் பழத்துக்கு யாழ்ப்பாணம் வைத்திருக்கும் விடை வாய்ப்பன். தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டிகளில் வடைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த உருண்டை, எறியப்பட இருந்த கதலியிலிருந்து வருவது. பழத்தைச் சீனியும் சிறிது உப்பும் சேர்த்துக் குழைத்து, அது ஏற்கிற அளவுக்குக் கோதுமை மாவும் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் சேர்த்துச் சற்று ஊறவிட்டு, தாச்சியில் மிதமான சூட்டில் பொரித்தெடுப்பார்கள். தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. காயில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த மாப்பொருள் பழுக்கும்போது பெரும்பாலும் வெல்லமாகிவிடுகிறது, அந்த வெல்லம் தோலில் இருந்த ஈரத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பழுக்கப் பழுக்கத் தோல் மெலிவதற்கும் பழம் இளகுவதற்கும் காரணம் இதுவே. நன்றாகக் கனிந்த பழத்துக்குச் சீனியையும் குறைக்கலாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மா எட்டாத விலைக்குப் போனது போன்ற நிலையில் பாதிக்குக் குரக்கன் மாவோ அரிசி மாவோ சேர்த்தும் செய்யலாம். உருண்டை சற்று இறுகும், ருசி குறையாது.

இனித் தோல். மனிதர் உண்ணத் தக்கது மொந்தன் போன்ற கறிவாழைக் காயின் தோல். வாழைக்காய்க் கறிக்குத் தோலைச் சற்றுத் தடிப்பாகச் சீவினால் அதுவே இரண்டாவது கறியாகும். வெட்டியதும் மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் போட வேண்டும். காற்றுப் பட்டால் தோலில் உள்ள நொதியம் அதைக் கறுக்கச் செய்யும், தண்ணீர் அதைத் தடுப்பதோடு கயரையும் குறைக்கும். சிறிதாக அரிந்து அவித்து, தண்ணீரை வடித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்ப்பூவுடன் பிரட்டினால் வறை. அவித்த தோலைச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அம்மியில் அரைத்துத் தேசிப்புளி விட்டால் சம்பல். கேரளத்தில் நேந்திரன் தோலைப் பயறுடன் சேர்த்துத் தோரன் செய்கிறார்கள். வங்காளத்தில் காய்த்தோலை அவித்து, அரைத்து, கடுகெண்ணெயில் வதக்கிச் சோற்றுடன் உண்கிறார்கள். தோல் சமையல் வறுமையின் அடையாளம் என்ற எண்ணம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது மாற வேண்டும். நார்ச்சத்து மிகுந்த நல்ல உணவு அது. ஒரு கவனம் மட்டும் தேவை: குலைக்கு மருந்து அடிக்கப்பட்டதா என்று தெரியாத காயின் தோலைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. கழுவினால் எல்லா மருந்தும் போய்விடாது. சொந்த வளவிலோ தெரிந்த தோட்டத்திலோ வெட்டிய காயே இதற்கு ஏற்றது.

பழத்தோலுக்கு அடுத்த உரிமை ஆட்டுக்கும் மாட்டுக்கும். உகண்டாவின் தலைநகர் கம்பாலாவில் மத்தோக்கே என்னும் சமையல் வாழையின் தோலைச் சேர்த்துக் கால்நடை வளர்ப்போருக்கு விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. குடாநாட்டில் விற்பனை தேவையில்லை, வேலிக்கு அப்பால் ஆடு வளர்க்கும் வீடு இருந்தால் போதும். காய்த்தோலில் துவர்ப்புப் பொருளான தனின் அதிகம், அது புரதம் செரிப்பதைத் தடுக்கும். பழுக்கும்போது அது குறைவதால் கால்நடைக்குப் பழத்தோலே நல்லது. ஆனால் தோலில் ஈரமும் நாரும் மிகுதி, புரதம் சொற்பம். வெறுந்தோலை நிறையக் கொடுத்தால் வயிறு கழியும். முருங்கை, அகத்தி, கிளிசரியாக் குழையோடு அளவாகச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். பூஞ்சணம் பிடித்த தோலை எந்த விலங்குக்கும் கொடுக்கக் கூடாது.

ஆடும் மாடும் இல்லாத வீட்டில் தோல் போக வேண்டிய இடம் மண். இங்கேதான் அதன் பயன் மிகப் பெரியது, தவறான நம்பிக்கைகளும் இங்கேதான் அதிகம். வாழைத்தோல் முழுமையான உரம் அல்ல. நைதரசன் அதில் மிகக் குறைவு, பொசுபரசும் அதிகமில்லை. அது தருவது பெரும்பாலும் பொற்றாசியம். பூவும் காயும் பிடிக்கிற பருவத்தில் மிளகாய்க்கும் கத்தரிக்கும் தக்காளிக்கும் தேவைப்படுவது அதுதான். இலங்கையில் பொற்றாசியக் கனியம் தோண்டப்படுவதில்லை, தோட்டக்காரர் எம்.ஓ.பி. என்று வாங்கும் உரம் முழுவதும் கப்பலில் வருவது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியா போன்ற உரங்கள் குடாநாட்டுக்குள் வர முடியாதிருந்தது. 2021 மே மாதம் நாடு முழுவதற்கும் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை உரம் இல்லாமல் திணறிய மண்ணுக்கு, வீட்டிலேயே கிடைக்கும் பொற்றாசியத்தைக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்புவது பொருத்தமில்லை.

நிலத்தடித் தண்ணீரும் இதில் சம்பந்தப்பட்டது. குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கும் மழைநீரை நம்பியவை. மேலே போடுவது விரைவில் கீழே இறங்கும். வலிகாமத்தில் தோட்டங்கள் நெருங்கிய பகுதிகளில் பல கிணறுகளின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. மிகையாக இட்ட நைதரசன் உரமும் மலசலகூடக் குழிகளும் இதற்கு முக்கிய காரணங்கள். மக்கிய தோல் அந்தச் சுமையைக் கூட்டுவதில்லை. மண்ணில் சேதனப் பொருளைக் கூட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பொற்றாசியம் எளிதில் கழுவிப் போகும் தென்மராட்சி, வடமராட்சி மணல்நிலத்துக்கு இது இன்னும் தேவை.

தோலை விரலளவு துண்டுகளாக வெட்டி, செடியின் அடியை விட்டுச் சற்றுத் தள்ளி நாலைந்து அங்குல ஆழத்தில் புதைத்து மண்ணால் மூட வேண்டும். மேலே போட்டால் பழ ஈயும் எலியும் வரும். வீட்டுக் குப்பைக் கிடங்கில் சருகு, சாணம், கிளிசரியா இலையோடு கலந்து மக்கவிடுவது இன்னும் நல்லது, ஏனெனில் தோலில் இல்லாத நைதரசனைச் சாணமும் இலையும் தரும். தோலைத் தண்ணீரில் ஊறவைத்து ஊற்றும் முறை இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. கரைந்து வருவது பொற்றாசியத்தின் ஒரு பகுதி மட்டுமே, மீதி எல்லாம் தோலிலேயே நிற்கும். ஊறிய தோலையும் புதைக்காவிட்டால் செய்த வேலைக்குப் பலன் சிறிது. ஊறவைக்கும் வாளியைத் திறந்து வைத்தால் நுளம்பு முட்டையிடும். மாரி மழைக்குப் பின் டெங்கு பரவும் யாழ்ப்பாணத்தில், 2023 டிசெம்பரில் நோயாளர் பெருகிய அனுபவத்துக்குப் பிறகு, மூடியில்லாத வாளி வீட்டுக்கே ஆபத்து.

தோலுக்குச் சொல்லப்படும் வேறு சில பயன்களும் உண்டு. அதன் உட்புறத்தால் தோற் செருப்பைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் சிறிது பளபளப்பு வரும். அது அன்றைய நாளுக்கு மட்டும், துடைக்காமல் விட்டால் எறும்பு வரும். தோலால் தேய்த்தால் பல் வெண்மையாகும் என்பதற்கு நம்பத் தகுந்த சான்று இல்லை. கிணற்றுத் தண்ணீரைத் தோல் சுத்திகரிக்கும் என்பது இவற்றில் மிகவும் தவறான நம்பிக்கை. 2011இல் பிரேசில் ஆய்வாளர்கள் பொடித்த வாழைத்தோல் ஆற்றுநீரிலிருந்து ஈயத்தையும் செம்பையும் பற்றி இழுப்பதைக் காட்டினார்கள். நேரேற்றம் கொண்ட உலோகங்களைத் தோலின் எதிரேற்றப் பகுதிகள் பிடித்துக்கொள்வதால் அது நிகழ்கிறது. நைத்திரேற்றும் எதிரேற்றம் உடையது, அது தோலில் ஒட்டாது. நோய்க்கிருமிக்கும் சுன்னாகத்துக் கிணறுகளில் கலந்த கழிவு எண்ணெய்க்கும் அந்த ஆய்வில் மருந்து இல்லை.

கடைசியில் சாம்பல். அசாமில் விதையுள்ள வாழையின் தோலை உலர்த்தி எரித்து, சாம்பலில் தண்ணீர் விட்டு வடித்த நீரைக் கோலாக்கார் என்பார்கள். சமையலுக்கும் துணி துவைக்கவும் அதுவே காரம். அதில் உள்ளது பெரும்பாலும் பொற்றாசியம் காபனேற்று, அதனால் எண்ணெய்ப் பசையை அறுக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளில் பொச்சும் சாம்பலும் கொண்டு சட்டி பானை மினுக்கியதும் இதே இரசாயனம்தான். உலர்ந்த தோலும் வாழைச்சருகும் அடுப்பில் சேர்ந்தால் சாம்பலின் காரம் கூடும். அலுமினியப் பாத்திரத்தை அது அரிக்கும், மண்சட்டிக்கும் எவர்சில்வருக்கும் பாவிக்கலாம். கையில் புண் இருந்தால் எரியும். மிஞ்சிய சாம்பலைத் தோட்டத்தில் போடுவதானால் கை கொண்ட அளவே போதும், ஏனெனில் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் இந்த மண்ணில் காரத்தன்மை முன்பே உண்டு, கூடினால் இரும்பும் நாகமும் பயிருக்கு எட்டாமல் இளம் இலை மஞ்சளாகும்.