வெளியேறியவரும் நகர மறுத்தவரும்

பாலக்காட்டுத் தமிழ் அந்தணர் குடியொன்றில் பிறந்து, சட்டம் பயின்று, வக்கீல் தொழிலில் சுகமாகவே வாழ்ந்திருக்கக்கூடிய டி.ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர், ஒத்துழையாமை இயக்கத்தின்போது அத்தொழிலைத் துறந்ததை, தேசபக்தியின் பெயரால் அவருடைய சுற்றத்தார் ஒருவாறு பொறுத்திருக்கக்கூடும். ஆனால் 1923-ஆம் ஆண்டு பாலக்காட்டில் சரோஜினி நாயுடுவின் தலைமையில் கூடிய கேரள அரசியல் மாநாட்டையொட்டி, எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ட சமபந்தி போஜனத்தில் அவர் முன்னின்றதை அக்கிரகாரம் பொறுக்கவில்லை. சாதிப் பிரஷ்டம் செய்தது. அவரோ அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவி, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகளையும் மற்றச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்து வளர்த்தார். மனைவி ஈசுவரி அம்மாளும் அந்தப் பணியில் உடன் நின்றார். கிருஷ்ணசுவாமி ஐயர் வைக்கம் சத்தியாக்கிரகத்தில் கைதானார். காந்தியடிகள் 1925, 1927, 1934 என மும்முறை அந்த ஆசிரமத்துக்கு வந்திருக்கிறார். 1924-இல் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழாவின்போது அக்கிரகார வீதிக்குள் நுழைந்த, தீண்டாமைக்கு உட்பட்டிருந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள் என்பதை நினைவிற்கொண்டால், அவர் எத்தகைய சமூகத்தை எதிர்த்து நின்றார் என்பது விளங்கும். செல்வத்தைத் துறப்பதையே தியாகம் என்று நாம் கொண்டாடுகிறோம். பிறந்த தெருவின் மரியாதையைத் துறப்பது அதனினும் கடினமானது என்றே நான் கருதுகிறேன்.

வெளியேறுவதற்கு ஒரு தெரு அவருக்கு இருந்தது. அதே பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பிளாச்சிமடையில் வாழ்ந்த, எரவாளர் என்னும் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மாவுக்கு அதுவும் இல்லை. இருந்த இடத்தை விட்டு நகர மறுப்பதே அவருடைய தர்மமாயிற்று. எழுத்தறியாத அந்தக் கூலிப் பெண்ணின் குடிசைக்கு எதிரில், முன்பு நெல் விளைந்த நிலத்தில், 2000-ஆம் ஆண்டு கொக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை எழுந்து, ஆழ்துளைக் கிணறுகளால் இலட்சக்கணக்கான லிட்டர் நிலத்தடி நீரை நாள்தோறும் உறிஞ்சத் தொடங்கிய சில காலத்துக்குள்ளேயே, குடியிருப்பின் கிணற்று நீர் கலங்கிக் கசந்தது. அதில் சோறு பக்குவமாக வேகவில்லை. குளித்தவர்களுக்கு உடம்பு அரித்தது. பெண்கள் குடங்களைச் சுமந்துகொண்டு தூரத்துக் கிணறுகளைத் தேடி நடந்தார்கள். உரமென்று சொல்லி உழவர்களுக்கு வழங்கப்பட்ட ஆலைக் கசடில் காட்மியமும் ஈயமும் இருந்ததை 2003-இல் பி.பி.சி. வானொலி வெளிப்படுத்தியது.

2002 ஏப்ரல் 22 அன்று, ஆதிவாசித் தலைவர் சி.கே. ஜானு தொடங்கிவைக்க, ஆலை வாசலுக்கு எதிரே ஓலைப் பந்தலில் சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. மயிலம்மா அந்தப் பந்தலின் உயிராக விளங்கினார். ஆதிவாசிகளுக்கு நேர்ந்தமையால்தான் இத்துன்பத்தை உலகம் முதலில் கேளாதிருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. இதே கசப்பு ஒரு நகரத்துக் குழாயில் வந்திருந்தால் ஒரு வாரம் பொறுத்திருப்பார்களா? பெருமாட்டி ஊராட்சி 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுமக்களின் உடைமை, அரசு அதன் தர்மகர்த்தா மட்டுமே என்னும் கருத்தில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தார். பின்னர் 2005-இல் இருவர் அமர்வு வேறுவிதமாகத் தீர்ப்பளித்தபோதிலும், 2004 மார்ச்சில் நின்ற ஆலை மீண்டும் முறையாக இயங்கவில்லை. மயிலம்மா 2007 ஜனவரியில் மறைந்தார். ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் எழுதிய நூல் அவருடைய வாழ்வைச் சொல்கிறது. சேதத்தை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2010-இல் ஒரு குழு மதிப்பிட, 2011-இல் கேரளச் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியும், குடியரசுத் தலைவரின் இசைவு கிட்டாமையால் அது சட்டமாகவில்லை.

இடுக்கிப் பக்கம் திரும்பினால், மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களில், பிரிட்டிஷார் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்த பெண்கள், 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் சாலையில் அமர்ந்தார்கள். தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகே அண்டவிடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்னும் அவர்களுடைய கூட்டம் ஒன்பது நாட்களில் அந்த 20 சதவீதத்தை மீட்டது. லிஸ்ஸி சன்னி, கோமதி, இந்திராணி முதலியோர், கொழுந்து கிள்ளும் கையோடேயே தலைமை ஏற்றவர்கள்.

எனினும் கூலியை வென்ற மலையில் சாதி வெல்லப்பட்டுவிடவில்லை. மூணாற்றுக்கு அப்பால், தமிழர் நிறைந்த வட்டவடையில், சக்கிலியர் சமூகத்தாருக்கு முடி வெட்ட நாவிதர் கடைகள் மறுத்துவந்ததால், அவர்கள் அதற்காகவே மலைப்பாதையில் வெகுதூரம் பயணம் செய்து வந்தார்கள். 2020-இல் ஊராட்சியே முன்வந்து, எவரும் நுழையக்கூடிய பொது முடிதிருத்தகம் ஒன்றைத் திறந்தது. பாலக்காட்டு முதலமடைக்கு அருகே கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், அதே சமூகத்தார் தேநீர்க் கடையில் தனிக் குவளையும் தண்ணீருக்குத் தனிக் குழாயும் தங்களுக்கு ஒதுக்கப்பட்டதாக 2017-இல் முறையிட்டார்கள். சமபந்தி போஜனம் நடந்த ஊரும் அந்தக் காலனியும் ஒரே மாவட்டத்தின் எல்லைக்குள்தான் இருக்கின்றன.