சக்கரம் போகும் ஊர் – 7: துறைமுகம் போட்ட மணல்

சென்னை மெரினாவில் காமராஜர் சாலைக்கும் அலைக்கும் நடுவே கிடக்கும் மணல்தான், சக்கர நாற்காலியில் சுற்றுலா வருபவருக்கு அந்த ஊரின் கடைசித் தடை. ரயில், விடுதி, நடைபாதை எல்லாவற்றையும் ஒருவழியாகக் கடந்து வந்த சக்கரம், கடல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றுவிடுகிறது. விடுதிக் குளியலறைக் கதவின் அகலம் சென்ற வாரத்தோடு முடிந்த கதை. இந்த வாரத்துக்கு அறிவிக்கப்பட்டது தாழ்தளப் பேருந்து. மணலைக் கடந்த பிறகே அதற்கு முறை வரும்.

சாதாரணச் சக்கர நாற்காலியில் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குபவை பின்னால் உள்ள இரண்டு பெரிய சக்கரங்கள். முன்னால் இருக்கும் இரண்டு சிறு சக்கரங்கள் திசை திருப்புவதற்கானவை. உலர்ந்த மணலில் முதலில் புதைபவை இவைதான். விட்டம் சிறியது என்பதால், எதிரே குவியும் மணல்மேட்டின் மீது அவை ஏறுவதில்லை. அதைத் தள்ளிக்கொண்டே உள்ளே இறங்குகின்றன. பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் பாரம் முன்பக்கம் சாய்ந்து புதைவு ஆழமாகும். உட்கார்ந்திருப்பவர் குப்புற விழவும் கூடும். பழகிய துணையாளர்கள் நாற்காலியைத் திருப்பி, முன் சக்கரங்களைத் தூக்கியபடி பின்புறமாக இழுத்துச் செல்வது இதனால்தான்.

அலை நனைத்த மணலின் குணம் வேறு. மணிகளுக்கு இடையே நிற்கும் சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது; தரை இறுகுகிறது. அங்கே சக்கரம் ஓரளவு உருளும். ஆனால் அந்த ஈரப் பட்டையை எட்டுவதற்கு முன் உலர் மணலைக் கடந்தாக வேண்டும். மெரினாவில் அந்த உலர் மணல் மிக அகலம்.

அந்த அகலம் இயற்கை கொடுத்ததல்ல. பழைய சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே தள்ளி நிற்க, மசூலாப் படகுகள் ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1870-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கான அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. 1881-ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தும் வேலை தொடர்ந்தது. இந்தக் கரையோரம் ஆண்டு முழுவதும் மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் போகும். கணக்கு முடிக்கும்போது வடக்கு நோக்கிப் போனதே அதிகம். குறுக்கே எழுந்த சுவர் அந்த மணலைத் தடுத்தது. தென்புறம் குவிந்து மெரினா அகன்றது. வடபுறம் வரவேண்டிய மணல் வராமல் ராயபுரம் பக்கக் கரையைக் கடல் அரித்தது. அங்கே கல் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று.

இந்த மாற்றத்துக்குச் சாட்சியாக ஒரு கட்டடம் நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் அது, 1842-இல் அமெரிக்கப் பனிக்கட்டி வணிகர் ஃப்ரெடெரிக் டியூடர் கட்டிய ஐஸ் ஹவுஸ். நியூ இங்கிலாந்துக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் ஏற்றி வந்து விற்றார்கள். கரையில் இறக்கிய பனிக்கட்டி உருகுமுன் உள்ளே போக வேண்டுமே! கிடங்கு கடலை ஒட்டி எழுந்ததற்கு அதுவே காரணம். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கியதன் நினைவாகப் பல ஆண்டுகள் கழித்து அதன் பெயர் மாறியது. கட்டடம் நகரவில்லை, கடல்தான் தள்ளிப் போனது.

மாற்றுத்திறனாளிகளுக்கான நிரந்தரப் பாதை அந்தக் கட்டடத்துக்கு எதிரேதான் மணலில் இறங்குகிறது. அதற்கு முன் சில ஆண்டுகள், டிசம்பர் 3-ஆம் தேதி வரும் மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டித் தற்காலிகப் பாதை போடப்பட்டு, பிறகு எடுக்கப்பட்டுவந்தது. நிரந்தரப் பாதை வேண்டும் என்ற நெடுங்காலக் கோரிக்கையின் பயனாக, ₹1.14 கோடி செலவில் மரப்பாதை அமைந்து 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். எதிரெதிரே வரும் இரு நாற்காலிகள் ஒதுங்காமலே கடந்துபோக இந்த அகலம் தாராளம். சாய்தளங்களுக்கு வழக்கமான அளவு 12-க்கு 1: அரை மீட்டர் ஏற 6 மீட்டர் ஓட்டம். மெரினாவில் ஏற்றம் பெரிய சிக்கலல்ல, தூரம்தான் சிக்கல். 263 மீட்டர் என்பது ஒரு வகையில் துறைமுகச் சுவர் சேர்த்துவைத்த மணலின் அளவு.

திறந்து இரண்டு வாரம் ஆகுமுன், டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது. பாதையின் கடல் பக்கப் பகுதி சேதமடைந்தது, பின்னர் சீரமைக்கப்பட்டது. அலையை நெருங்க நெருங்கப் பராமரிப்புச் செலவு ஏறும் என்பதை அந்த இரவு காட்டியது.

பாதையின் முனையில் இருப்பது பார்வை மேடை. அங்கிருந்து கடலைப் பார்க்கலாம்; கால் நனைக்க முடியாது. தண்ணீரைத் தொட வேண்டுமானால் வேறு வகை நாற்காலி தேவை. கடற்கரைச் சக்கர நாற்காலிக்குக் காற்றடைத்த பருத்த சக்கரங்கள் உண்டு; காற்றழுத்தம் குறைவு. அதே எடை அகலமான பரப்பில் பரவுவதால் மணல் உள்வாங்குவதில்லை. உட்கார்ந்திருப்பவர் தானே உருட்டும் வசதி பெரும்பாலும் இல்லாததால் தள்ள ஆள் வேண்டும்.

நேரமும் முக்கியம். தண்டுவடத்தில் மேல்மட்டக் காயம் உள்ளவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்ப்பது குறையும் அல்லது நின்றுவிடும். உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. சென்னையின் மே மாத நண்பகல் அவர்களுக்கு ஆபத்தானது. மழை ஓய்ந்த ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்ற மாதங்கள். காலையோ, கடற்காற்று வீசும் மாலையோ ஏற்ற வேளை. குடிநீரும் ஈரத்துணியும் நாற்காலிப் பையில் இருக்க வேண்டும்.

மணல் இவ்வளவுதான். மரப்பாதையின் தொடக்கம் வரை நாற்காலியை ஏற்றி வரும் தாழ்தளப் பேருந்து, நிறுத்தத்தில் காற்றை இறக்கி ஒருபக்கமாகத் தாழும் விதம் அடுத்த வாரம்.