பெறுபேறு வருமுன் அறியவேண்டிய வழிகள்

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கும் பழமொழி. ஆங்கிலேயர் ஆட்சியிலே, ஆங்கிலப் பாடசாலையிற் படித்தவர் இலங்கையெங்கும், கடல் கடந்து மலாயாவிலும், எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் கடமையாற்றிய காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. மழையை நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் அளித்த உறுதியை வேறெத்தொழிலும் அளிக்கவில்லை. ஆகவே அம்மொழியை நகைத்துத் தள்ளுதல் முறையன்று. ஆயினும் பாட்டனார் நடந்த வழியை மாத்திரம் பேரனுக்குக் காட்டுவதனால் விளையும் இடர் சிறிதன்று.

இன்று மாணவருக்குப் பெரும்பாலும் காட்டப்படும் வழி ஒன்றே: க.பொ.த. சாதாரண தரம், பின்னர் உயர்தரம், அதன்பின் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய ஆகக்குறைந்த தகைமையை உயர்தரத்திற் பெறுவோருள்ளும் ஏறத்தாழ நாலிலொரு பங்கினருக்கே அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடங் கிடைக்கின்றது. எஞ்சியோரும் பரீட்சையிற் சித்தியெய்தியவர்களே. எனினும் ஊரார் கணக்கில் அவர்கள் தவறியவர்கள். சாதாரண தரத்திற் கணிதத்தில் தவறிய பையனோ, பதினாறு வயதிலேயே தன் கல்வி முடிந்ததென்று எண்ணி, கிடைத்த கூலிவேலையைப் பற்றிக்கொள்கின்றான். வேறு வழி இல்லையென்பது அன்று காரணம். வழி உண்டென்பது உரிய வேளையில் அவனுக்குத் தெரியவில்லை.

வேளை என்பதே இங்கு முதன்மையானது. தாதியாகப் பணிபுரிய விரும்பும் பெண்பிள்ளை ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களிற் சித்தி கேட்கப்படுகின்றது. அவளோ, அயலிலுள்ள பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லாமையாற் கலைப்பிரிவிற் சேர்ந்து நன்றாகவே சித்தியடைகிறாள். விண்ணப்பம் கோரும் வர்த்தமானியைப் பார்க்கும்போதுதான் கதவு இரண்டாண்டுகளுக்கு முன்னரே மூடப்பட்டுவிட்டமை தெரியவருகின்றது. நாட்டிலுள்ள ஏறக்குறைய 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் சுமார் ஆயிரத்தில் மாத்திரமே உயர்தர விஞ்ஞான வகுப்புகள் உண்டு. எனவே வன்னிக் கிராமத்திலோ மலையகத் தோட்டத்திலோ வாழும் பிள்ளைக்கு, எந்தப் பாடம், எந்தப் பாடசாலை என்ற ஆலோசனை பதினோராம் வகுப்புக்கு முன்னரே கிடைத்தல் வேண்டும். பெறுபேறு வந்தபின் நடத்தப்படும் கருத்தரங்கு அவளுக்கு எவ்வகையிலும் பயன்படாது.

உயர்தரத்தை நாடாதவருக்கு உள்ள வழி யாது? 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அமைக்கப்பெற்றது. மக்கள் ‘என்.வி.கியூ.’ என்று வழங்கும் தேசிய தொழிற்றகைமை அதன் மேற்பார்வையில் உள்ளது. அது ஏழு படிகளைக் கொண்ட ஏணி போன்றது. முதல் நான்கு படிகள் சான்றிதழ். மின்னிணைப்பாளர், தச்சர், உருக்கியொட்டுநர், மோட்டார் வாகனத் திருத்துநர் முதலியோரின் கைத்திறனை அவை அளவிடுகின்றன. ஐந்தாம் ஆறாம் படிகள் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. கீழ்ப்படிகளிற் பல பயிற்சிகளுக்குச் சாதாரண தரச் சித்திகூட வேண்டப்படுவதில்லை. நான்காம் படியைத் தாண்டியவன், உயர்தரம் எழுதாமலே, தன் துறைக்குரிய டிப்ளோமாவை நாடலாம். அதன்பின் இரத்மலானையிலுள்ள தொழினுட்பவியற் பல்கலைக்கழகத்தை நோக்கவும் அவனுக்கு வழியுண்டு. கணிதத்தில் ஒருமுறை தவறிய பையனுக்கு இச்செய்தி எத்துணை ஆறுதல் அளிக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் மேற்படிகளிற் பெரும்பாலும் ஆங்கிலமே போதனாமொழி. அதனையும் அவனுக்கு முன்கூட்டியே சொல்லுதல் நேர்மை.

இப்பயிற்சிகளைத் தொழினுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி அதிகார சபையும் நடத்துகின்றன. தொழிலகத்திலேயே வேலை பழக விரும்புவோரைப் பயிலுநர் பயிற்சிக்குப் பொறுப்பான அதிகார சபை சேர்க்கின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பெற்ற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் வடபகுதி இளைஞருக்கு அண்மையில் உள்ளது. பணம் பெற்றுப் பாடநெறி நடத்தும் தனியார் நிலையங்களும் பல. அவற்றிற் சேருமுன், அந்நிலையம் ஆணைக்குழுவிற் பதிவு பெற்றதா, முடிவில் வழங்கப்படுவது தேசிய தொழிற்றகைமையா என்ற இரு வினாக்களையும் பெற்றோர் கேட்டறிதல் வேண்டும். அழகிய தாளில் அச்சிட்ட சான்றிதழ் எல்லாம் வேலை கொள்வோரிடம் செல்லுபடியாவதில்லை.

தொழிற்கல்வியைப் பாடசாலைக்குட் கொணரும் முயற்சி புதியதன்று. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களைக் கட்டாயமாக்கியது. 1977 இல் ஆட்சி மாறியபின் அவை கைவிடப்பட்டன. ஊர்த்தொழிலைப் படிக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகின்றோம் என்ற மனக்குறை பெற்றோரிடம் இருந்தது. அவர்களை முற்றாகக் குறைகூற இயலாது. அத்தொழிலாற் பிள்ளை எங்கே சென்று சேரும் என்பதை எவரும் அவர்களுக்குக் காட்டவில்லை. இன்றும் ‘படிப்பு ஏறாதவன் தொழில் பழகட்டும்’ என்னுஞ் சொல் வீட்டிலும், வருத்தத்துக்குரியவாறு ஆசிரியர் அறையிலும், கேட்கின்றது. அச்சொல்லைக் கேட்ட மாணவன் பயிற்சியைத் தண்டனையென்றே கருதுவான்.

பாடசாலையில் ஆலோசனைக்குரிய ஆசிரியர் இல்லாதவிடத்தும் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் காணலாம். பிள்ளையோடு தந்தையும் செல்வது நன்று. ஏனெனில், இருபதாண்டு மேசன் வேலை செய்தும் கையில் ஒரு சான்றிதழ் இல்லாத தந்தையர் பலர். அத்தகையோரின் திறனைச் சோதித்து, வகுப்புக்குச் செல்லாமலே தொழிற்றகைமை வழங்கும் ஏற்பாடும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும் முறையையும் ஆங்கேயே கேட்டறியலாம்.