பழைய ஒலிநாடாவும் புதிய கோப்பும்

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலரது இல்லங்களில், அலுமாரியின் மேற்றட்டிலோ பழைய பயணப்பெட்டியின் அடியிலோ, சில கசெற் ஒலிநாடாக்கள் இன்றும் கிடத்தல் கூடும். 1963 ஆம் ஆண்டிற் பிலிப்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட அச் சிறு பேழை, ஒலிப்பதிவைப் பொதுமக்கள் கைக்கு எட்டச் செய்தது. பரிசளிப்பு விழாவில் அதிபர் வாசித்த அறிக்கை, நவராத்திரி நாளில் மாணவர் ஓதிய தேவாரம், பிரியாவிடை நாளில் ஆசிரியர் ஆற்றிய உரை என்பனவெல்லாம், யாரோ ஒருவர் மேசையோரத்தில் வைத்த கருவியிற் பதிவாகி எஞ்சியுள்ளன. ஆயின், நாடா நெடுநாள் நிலைப்பதன்று. அதன் மேற்பூச்சு தளர்ந்து உதிரும். ஈரத்தாற் பூஞ்சணம் பிடிக்கும். சுருள் இறுகி அறும். யூபிலியை முன்னிட்டு அத்தகைய நாடாக்கள் சிலவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றும் பணியில் யானும் பங்குகொண்டேன். அப்பணியிற் கற்றவற்றையும், ஓரிடத்தில் இழந்ததையும் இங்கே எழுதுகின்றேன். பயன்படுத்தியவை லினக்ஸ் இயங்குதளமும் அதில் விலையின்றிக் கிடைக்கும் கட்டளைக் கருவிகளுமே.

முதலில், ஒலி எவ்வாறு எண்ணாகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஒலி என்பது காற்றில் எழும் அலை. அவ்வலையின் உயரத்தை ஒரு விநாடியிற் பன்முறை அளந்து, அளவுகளை வரிசையாக எழுதிவைத்தால், அவ்வரிசையினின்று மீண்டும் அலையை உண்டாக்கலாம். மனிதச் செவி ஏறக்குறைய 20,000 அதிர்வு வரை கேட்கும். ஓர் அலையைப் பிழையின்றி மீட்க அதன் அதிர்வெண்ணினும் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை அளத்தல் வேண்டும் என்பது கணிதம். ஆகவே இசைத்தட்டு வகையான சீ.டி.யில் விநாடிக்கு 44,100 தடவை அளக்கின்றனர். ஒவ்வோர் அளவும் 16 பிற்றுகளால், அதாவது 65,536 படிகளுள் ஒன்றாக, எழுதப்படும். இடம், வலம் என இரு தடங்கள் உண்டு. பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 1,411,200 பிற். நிமிடத்துக்குப் பத்தரை மெகாபைற்றுக்குச் சற்று மேல். அறுபது நிமிட நாடாவின் ஒரு பக்கம் மட்டும் ஏறக்குறைய 318 மெகாபைற் ஆகின்றது. இவ்வெண்களை அப்படியே கொண்டிருக்கும் கோப்பு வேவ் எனப்படும். மைக்ரோசொஃப்ற், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனங்களும் 1991 இல் வகுத்த அமைப்பு அது.

இப்பருமனைக் குறைக்க இருவகை வழிகள் உள. இரண்டினையும் ஒன்றெனக் கருதுவதே பலர் செய்யும் தவறு.

ஒன்று, இழப்பற்ற சுருக்கம். வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துப் பின் விரித்தால் அதே வேட்டி கிடைப்பது போன்றது இது. ஃபிளாக் என்னும் அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. யொஷ் கோல்சன் என்பார் ஆக்கிய இதன் முதற் பதிப்பு 2001 இல் வெளியாயிற்று. முந்திய சில எண்களைக் கொண்டு அடுத்த எண் இதுவாகலாம் என்று அது ஊகிக்கும்; ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதிவைக்கும். வேறுபாடு சிறிய எண்ணாதலின் சிறிய இடமே போதும். விரிக்கும்போது அதே ஊகத்தை மீண்டுஞ் செய்து வேறுபாட்டைக் கூட்டினால், ஓர் எண்ணும் பிசகாது மூலம் திரும்பும். கோப்பு ஏறக்குறையப் பாதியாகும். பதிவின் இயல்புக்கேற்பச் சற்றுக் கூடியுங் குறைந்தும் வரும்.

மற்றையது, இழப்புள்ள சுருக்கம். கோயில் வீதியில் மேளச்சமா நிகழும்போது அருகில் நிற்பவர் மெல்லக் கூறுவது நம் செவிக்கு எட்டாது. தவிலின் வல்லோசை அம்மென்குரலை மறைத்துவிடுகின்றது. அங்ஙனம் மறைபடும் ஓசையை எழுதிவைப்பானேன் என்று வினவியவர் ஜேர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்து ஆய்வாளர். அவருட் குறிப்பிடத்தக்கவர் கார்ல்ஹைன்ஸ் பிரண்டன்பேர்க். 1993 இல் வெளியான நியமத்தில் இடம்பெற்று, 1995 முதல் எம்.பி.3 என்னும் பெயராற் கோப்புகளில் வழங்கலாயிற்று அவ்வமைப்பு. செவிக்குப் புலனாகாது எனக் கணித்தவற்றை அது வீசிவிடும். விநாடிக்கு 128 கிலோபிற் வீதம் வைத்தால் முற்கூறிய 318 மெகாபைற் 29 ஆகக் குறையும். இஃது அருமையான கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும், வீசியது வீசியதே. பலாப்பழத்தின் தும்பைக் களைந்து சுளையெடுத்தபின் மீண்டும் பழமாக்க இயலாதவாறு, எம்.பி.3 கோப்பைத் திரும்ப வேவ் ஆகவோ ஃபிளாக் ஆகவோ மாற்றினாற் பருமன் பெருகுமேயன்றி இழந்த ஒலி மீளாது. ஓர் எம்.பி.3 இலிருந்து இன்னோர் எம்.பி.3 செய்தாலோ, இழந்ததன்மேல் மேலும் இழப்பு. கைத்தொலைபேசியிற் கைமாறிக் கைமாறி வரும் பழைய பாடல்கள் தேய்ந்து ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோப்பின் பெயரிறுதியை மட்டும் மாற்றி எழுதிவிட்டு, கோப்பையே மாற்றிவிட்டதாக நம்புவோரும் உளர். பெயரை மாற்றுவதால் ஆள் மாறுவதில்லை. உள்ளிருக்கும் எண்களுள் ஒன்றேனும் அசைவதில்லை.

இனிக் கருவிகளைப் பற்றிக் கூறுவேன். லினக்ஸின் கருவை 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் ரோவால்ட்ஸ் எழுதினார். அது பின்பற்றிய யுனிக்ஸ் மரபோ 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தது. அம்மரபிற் சுட்டியால் தொட்டு இயக்குவதற்கு முன்னரே, முனையத் திரையிற் சொற்களைத் தட்டச்சிட்டு ஏவும் வழக்கம் இருந்தது. இன்றும் அது நீங்கவில்லை, நீங்கவும் வேண்டியதில்லை. நூறு கோப்புகளை ஒரே வகையில் மாற்றவேண்டியவர் நூறுமுறை சுட்டியை அழுத்துவதினும் ஒரு வரி எழுதுவதே மேல். கீழ்வரும் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலேயே தட்டச்சிடல் வேண்டும். இங்கு அவற்றின் ஒலிப்பை மட்டும் தமிழிலே தருகின்றேன்.

நாடாவை இசைக்கும் கருவியின் செவிப்பொறித் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளைக்கு ஒரு வடத்தைப் பொருத்துக. 'ஏ-ரெக்கோர்ட்' என்பது பதிவு செய்யும் கட்டளை. 'ஏ' என்னும் எழுத்தும் பதிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இடைவெளியின்றிச் சேர்ந்தது. அதன்பின் ஒரு சிறு கோடும் 'எஃப்' எழுத்தும் இட்டு, 'சீ.டி.' எனக் குறித்துக் கோப்பின் பெயரை எழுதினால், முற்கூறிய 44,100 அளவிலே பதிவு தொடங்கும். கன்ட்ரோல் விசையுடன் 'சீ' எழுத்தை அழுத்த நிற்கும். ஒலி மட்டம் மிகாமற் பார்த்தல் முக்கியம். அலையின் உச்சி எண்ணின் எல்லையைக் கடந்தால் தலை வெட்டுண்டுவிடும். பின்னர் எக்கருவியாலும் அதனை ஒட்டவியலாது. சற்றுத் தாழ்வாகப் பதிவு செய்து பின் உயர்த்துவதே நன்று.

பதிந்ததைக் கேட்க 'ஏ-பிளே' என்னுங் கட்டளை உண்டு. அது வேவ் போன்ற சுருக்கப்படாத கோப்புகளையே அறியும். எம்.பி.3 கோப்பை அதனிடம் கொடுத்தால், சுருக்கப்பட்ட எண்களையே அலையின் உயரமெனக் கொண்டு காது கிழியும் இரைச்சலை எழுப்பும். அது கணினியின் கோளாறன்று, கோப்பும் கெட்டுவிடவில்லை. எம்.பி.3 இசைக்க 'எம்.பி.ஜீ.123' என்னுங் கருவியும், ஏறக்குறைய எல்லா வகைகளையும் இசைக்க 'எஃப்.எஃப்.பிளே' என்னுங் கருவியும் உள்ளன.

மாற்றும் கருவிகளுள் இரண்டினை அறிந்தாற் போதும். ஒன்று சொக்ஸ், எஸ், ஓ, எக்ஸ் என்னும் மூன்றெழுத்து. 1991 இல் லான்ஸ் நோர்ஸ்கொக் என்பார் தொடக்கியது. கட்டளைப் பெயர், உள்ளே செல்லும் கோப்பு, வெளியே வரும் கோப்பு, செய்யவேண்டிய வேலை என்ற ஒழுங்கில் எழுதுக. ஒலியை உயர்த்தல், தாழ்த்தல், வெட்டல், நாடாவின் சீறலைக் குறைத்தல் யாவும் இதனால் ஆகும். சீறலைக் குறைப்பதில் மட்டும் அடக்கம் வேண்டும். பேச்சுத் தொடங்குமுன் உள்ள வெற்றுச் சீறலை மாதிரியாகக் காட்டினால் அதனை முழுவதிலும் கழித்துத் தரும். மிகக் கழித்தாலோ பேச்சாளர் குழாய்க்குள் நின்று பேசுவதுபோற் கேட்கும். எஞ்சிய சிறிது சீறல் கேட்போர்க்கு ஐந்து நிமிடத்திற் பழகிவிடும் என்பது என் அநுபவம்.

சொக்ஸ் கருவியாலேதான் அந்த இழப்பு நேர்ந்தது. பிழை கருவியினதன்று, என்னுடையது. 1978 இல் நிகழ்ந்த ஒரு பிரியாவிடைக் கூட்டத்தில் எங்கள் தமிழாசிரியர் ஆற்றிய உரை அடங்கிய நாடா ஒன்று கிடைத்தது. பதிவு நன்றாய் அமைந்தது. ஒலி மட்டுமே தாழ்வு. அதனை உயர்த்த எண்ணி, உள்ளே செல்லும் கோப்புக்கும் வெளியே வரும் கோப்புக்கும் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டேன். சொக்ஸ் இயல்பாகக் கேள்வி கேட்பதில்லை. எழுதுவதற்காக அப்பெயருடைய கோப்பைத் திறந்தபோதே அதிலுள்ளதை அழித்துவிட்டது. பின்பு படிப்பதற்கு அங்கு ஒன்றுமில்லை. நிமிடக் கணக்கிலிருந்த பேச்சு, கண் இமைக்கும் பொழுதில் ஏறத்தாழ வெற்றுக் கோப்பாயிற்று. நாடாதான் இருக்கின்றதே என்று மீண்டும் பொருத்தினேன். இரண்டாம் முறை ஓடுகையில் அது சுருளிற் சிக்கி நசுங்கி, இடையில் அறுந்தது.

தற்செயலாக, முன்னாளிரவு அவ்வுரையைத் தொலைபேசியில் நண்பர் ஒருவருக்கு அனுப்ப விநாடிக்கு 64 கிலோபிற் வீதத்தில் ஓர் எம்.பி.3 செய்திருந்தேன். அதுவே இன்று எஞ்சியது. சொற்கள் யாவும் விளங்குகின்றன. ஆயின் ஸகர ஒலி வருமிடந்தோறும் நீரில் நனைந்தாற்போல் ஒரு குழப்பம். அவரிடம் கற்றோர்க்கு அது வேறுபாடாகப் புலப்படும்; கல்லாதோர் அவர் அப்படித்தான் பேசினார் என்று எண்ணிக்கொள்வர்.

அதன்பின் நாங்கள் கைக்கொண்ட முறை இது. பதிவு முடிந்தவுடன், ஒரு மாற்றமும் செய்யாது, வேவ் கோப்பை ஃபிளாக் ஆக்குகின்றோம். அதற்கு 'ஃபிளாக்' என்னும் பெயரிலேயே கட்டளை உண்டு. ஃபிளாக் கோப்பு தன்னுள் மூல ஒலியின் சரிபார்ப்பு எண்ணொன்றையும் வைத்திருப்பதால், சிறு கோடும் 'ரீ' எழுத்தும் சேர்த்து ஏவினால் அது பழுதின்றி உள்ளதா என்பதைத் தானே சோதித்துக் கூறும். சோதித்தபின் 'சீ.எச்.மொட்' என்னுங் கட்டளையால் அக்கோப்பின்மேல் எழுதும் உரிமையை எல்லோரிடமிருந்தும் நீக்குகின்றோம். இனி என்னைப்போல் ஒருவர் தவறினாலும் கணினி மறுக்கும். பிறகு வேறிடத்தில் இருக்கும் இன்னொரு தட்டில் ஒரு பிரதி. இத்தனையும் முடியுமுன் நாடாவை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதில்லை, சொக்ஸைத் தொடுவதுமில்லை.

மற்றெல்லாம் அம்மூலத்திலிருந்தே பிறக்கும். இதற்கு இரண்டாவது கருவியாகிய எஃப்.எஃப்.எம்பெக் ஏற்றது. ஃபப்ரீஸ் பெலார்ட் என்னும் பிரெஞ்சு நிபுணர் 2000 இல் தொடக்கிய இக்கருவி, இன்று உலகின் பற்பல ஒலி, ஒளிச் செயலிகளுள் மறைந்திருந்து உழைக்கின்றது. கட்டளைப் பெயருக்குப்பின் சிறு கோடும் 'ஐ' எழுத்தும் இட்டு மூலக் கோப்பின் பெயர். அதன்பின் புதுக் கோப்பின் பெயர். புதுப் பெயரின் இறுதியைப் பார்த்தே எவ்வகைக் கோப்பு வேண்டுமென்பதை அது உணர்ந்துகொள்ளும். அப்பெயரில் முன்னரே கோப்பு இருப்பின், அழிக்கவா என்று வினவும். அவ்வினாவுக்கு விரைந்து விடையளித்தல் ஆகாது. பேச்சுக்கு எம்.பி.3 இலும் சிறந்தது 2012 இல் நியமமான ஒப்பஸ் என்னும் வகை. 32 கிலோபிற் வீதத்திலேயே குரல் தெளிவாக நிற்கும். முப்பது நிமிட உரை ஏழு மெகாபைற்றுக்குச் சற்று மேல். பழைய கருவிகளில் ஒப்பஸ் இசையாதாகையால், முதியோர்க்கு அனுப்ப எம்.பி.3 இன்னும் வேண்டியுள்ளது.

மாணவர் விரும்பிக் கற்கக்கூடியது குழாய் முறை. பெல் ஆய்வுகூடத்து டக் மக்கில்ரோயின் எண்ணமாய் 1973 இல் யுனிக்ஸிற் சேர்ந்தது அது. இரு கட்டளைகளுக்கிடையே ஒரு நிலைக்குத்துக் கோடு இட்டால், முதலாவதன் விளைவு இரண்டாவதனுட் பாயும். ஃபிளாக் விரிக்கும் ஒலியை லேம் என்னும் எம்.பி.3 ஆக்கும் கருவிக்குள், இடையிற் பெரிய வேவ் கோப்பு உண்டாகாமலே, இவ்வாறு செலுத்தலாம். 'ஃபோர்' என்று தொடங்கி 'டன்' என்று முடியும் வரி ஒன்றினால், அடைவிலுள்ள எல்லா ஃபிளாக் கோப்புகளுக்கும் அதனையே செய்விக்கலாம். மாலையில் ஏவிவிட்டுச் சென்றாற் காலையில் யாவும் ஆயத்தமாயிருக்கும்.

கோப்பின் பெயரில் ஆண்டு, நிகழ்ச்சி, நாடாவின் பக்கம் மூன்றும் இருத்தல் நன்று. லினக்ஸிற் பெயரைத் தமிழிலும் எழுதலாம். சொற்களுக்கிடையே இடைவெளி விட்டால் பெயர் முழுவதையும் மேற்கோட் குறிகளுள் அடைக்கவேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். தமிழாசிரியரின் உரையை ஃபிளாக் ஆக மாற்றவில்லை. மாற்றினால், பின்னர் காண்போர் அதனை நாடாவினின்று நேரே பெற்ற மூலம் என மயங்குவர். எம்.பி.3 ஆகவே, பெயரில் அங்ஙனமே குறித்து, எழுதும் உரிமையை நீக்கி வைத்துள்ளோம். அக்கூட்டத்தை அன்று வேறெவரேனும் பதிவு செய்திருந்தால் அந்நாடாவை நமக்குத் தந்துதவுக. இம்முறை ஒரு தடவை மட்டுமே ஓட்டுவோம்.