மலையேற்றத்துக்கு உடை: குளிரைவிட ஈரத்தைக் கவனியுங்கள்

மலைக்குப் போகிறோம் என்றதும் பலர் முதலில் தேடுவது தடித்த ஸ்வெட்டரைத்தான். கைப்பேசியில் வெப்பநிலையைப் பார்த்து, அதற்கேற்பத் துணியை அடுக்குகிறார்கள். இந்தக் கணக்கில் ஈரம் விட்டுப்போகிறது. காய்ந்த உடையில் 10 டிகிரியைச் சுலபமாகத் தாங்கும் உடம்பு, நனைந்த உடையோடு காற்றில் நின்றால் அதே 10 டிகிரியில் வெடவெடத்துவிடும். துணியின் இழைகளுக்கிடையே தங்கும் காற்றுதான் நமக்குக் கதகதப்பு. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வெப்பம் சுமார் 25 மடங்கு எளிதாக வெளியே கடந்துபோகும். போதாததற்கு, ஒவ்வொரு கிராம் ஈரமும் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பங்கு நம் உடம்பிலிருந்தே போகிறது. உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினாலே உயிருக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது.

வெள்ளியங்கிரி மலையை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி முதல் மே வரையிலான பருவத்தில், பூண்டி அடிவாரத்தில் புழுக்கமாக இருக்கும். இரவோடு இரவாக ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏறும் பக்தர்கள் வியர்வையில் தொப்பலாக நனைந்து, விடியலுக்கு முன் உச்சியில் காற்றுக்கு நடுவே நிற்கிறார்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஏழு டிகிரி குறைவது ஒருபுறம்; ஏறும்போது உடம்பு உண்டாக்கிய வெப்பம், நடை நின்றதும் சட்டென்று அடங்கிவிடுவது மறுபுறம். மழையே பெய்யாத மாதத்திலும் ஈரம் இப்படி உள்ளிருந்தே வருகிறது. சமவெளியின் சித்திரை வெயிலில் வியர்வையை உறிஞ்சிக் குளிர்ச்சி தரும் பருத்தி, இங்கே அதே வேலையைச் செய்து நம்மை நடுங்கவைக்கிறது. பாலியஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம். அதனால் சீக்கிரம் காய்கிறது. கம்பளியோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தோலில் ஈரம் தெரியாமல் வைத்திருக்கும்.

தலைமுறை தலைமுறையாக வேட்டியோடு ஏறியவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேட்டி மெல்லியது, காற்றில் சீக்கிரம் உலரும். இன்று இளைஞர்கள் போட்டுக்கொண்டு ஏறும் ஜீன்ஸும் பருத்திதான். ஆனால் ஒருமுறை நனைந்தால் மணிக்கணக்கில் காயாது, கனமும் கூடும். மலையேற்றத்துக்கு இதைவிட மோசமான உடை இல்லை. செலவைப் பற்றிய கவலைக்கும் இடமில்லை. திருப்பூர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண விளையாட்டு டி-ஷர்ட் ஒன்றும், பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்து உச்சியில் மாற்றிக்கொள்ளும் காய்ந்த பனியன் ஒன்றும் விலையுயர்ந்த ஜாக்கெட் செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

ஜாக்கெட் என்றதும் தென்மேற்குப் பருவமழை நினைவுக்கு வருகிறது. 1969-இல் பாப் கோர் கண்டுபிடித்த கோர்-டெக்ஸ் வகைச் சவ்வு மழைத்துளியைத் தடுத்து, வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும். அந்த ஆவியை வெளியே தள்ளுவது, உள்ளே இருக்கும் ஈரத்துக்கும் வெளியே இருக்கும் ஈரத்துக்கும் உள்ள வித்தியாசம். 5 டிகிரிக் குளிரில் அந்த வித்தியாசம் பெரிது. வால்பாறைச் சரிவில் ஜூலை மாதம் 25 டிகிரியில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது, தள்ளும் விசை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. குளிர்நாட்டுக்காரர் புகழும் ஜாக்கெட்டுக்குள் நாம் வியர்வையிலேயே நனைவது இதனால்தான். அந்தப் பருவத்துக்கு, கைக்கும் இடுப்புக்கும் அடியில் காற்றுப் புகும் தொளதொளப்பான மழை அங்கியே பொருத்தம். காற்று அதிகம் இல்லாத காட்டுப் பாதை என்றால் குடையே போதும்.