திரையில் சோதனை, வயலில் பயன்

விஞ்ஞான பாடத்தை மனப்பாடம் செய்வதால் மட்டும் விஞ்ஞான அறிவு வளர்ந்துவிடாது. மாணவர்கள் தாமே செய்து பார்க்க வேண்டும். பிழை நேர்ந்தால் திருத்திச் செய்ய வேண்டும். சோதனைப் பொருள்கள் போதாத பள்ளியில் இதற்கு வழியில்லை. இருக்கும் பொருள்களும் பழுதாகிவிடுமோ என்ற அச்சத்தால் அலமாரியில் பூட்டிக் கிடப்பதுண்டு. இக்குறையை ஓரளவு நீக்கக் கணினி வழி வடிவமைப்புச் சாதனங்கள் துணைபுரிகின்றன.

அவற்றுள் ஒன்று டிங்கர்கேட். 2011-ஆம் ஆண்டில் தோன்றிய இச்சாதனத்தை 2013 முதல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் நடத்தி வருகிறது. இதற்குக் கட்டணம் இல்லை. இணையத் தொடர்புள்ள கணினி இருந்தால் போதும். ஆசிரியர் தம் கணக்கில் வகுப்பைத் திறந்து, அதற்குரிய குறியீட்டை மாணவர்களுக்கு வழங்கலாம். மாணவர்களுக்குத் தனி மின்னஞ்சல் முகவரி வேண்டியதில்லை.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். மாணவர் திரையில் ஒரு 9 வோல்ட் மின்கலத்தையும் சிவப்பு எல்.இ.டி. விளக்கையும் கம்பியால் நேராக இணைக்கிறார். உடனே, விளக்கு கெட்டது என்பதற்கான அடையாளம் தோன்றுகிறது. பொருள் நஷ்டம் ஏதுமில்லை, ஆனால், "ஏன்?" என்ற கேள்வி பிறக்கிறது. அக்கேள்வியே பாடத்தின் தொடக்கம். விளக்குக்குரிய சுமார் 2 வோல்ட் போக, எஞ்சுவது 7 வோல்ட். இடையே 470 ஓம் மின்தடையைச் சேர்த்தால் ஏறத்தாழ 15 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே பாயும். விளக்கும் ஒழுங்காக எரியும். ஓம் விதியை இவ்வாறு கற்றவர் எளிதில் மறவார்.

அடுத்த படி நம் தொழிலைச் சார்ந்தது. மண்ணின் ஈரத்தை அளக்கும் உணர்கருவியையும் அதே திரையில் இணைக்கலாம். ஈரம் குறைந்தால் சிறு மோட்டார் ஓடவும், போதிய ஈரம் வந்ததும் நிற்கவும் மாணவர்களே கட்டளை எழுதலாம்.

எனினும், திரையில் காண்பது மண் ஆகாது. களிமண்ணும் மணலும் நீரை ஒரே விதமாகத் தாங்குவதில்லை. உப்பு நீர் பாய்ந்த நிலத்தில் கருவியின் அளவும் மாறக்கூடும். ஆதலால், திரையில் தேறிய அமைப்பை மெய்யான மண்ணில் சோதித்தல் அவசியம். மண்ணைக் கையால் பிடித்தே அதன் ஈரப் பதத்தை அறியும் விவசாயப் பெருமக்கள் இக்கட்டத்தில் ஆசிரியருக்குத் துணையாக நிற்கலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு இடமளித்துள்ளது. பள்ளியில் கணினிகள் இயங்குகின்றனவா, மின்சாரமும் இணையமும் தடையின்றிக் கிடைக்கின்றனவா, மாணவியருக்கும் சம வாய்ப்பு உண்டா என்று அக்குழுவில் கேட்டறிய வேண்டும். பூட்டிய அறையிலுள்ள கணினியால் ஊருக்குப் பயனில்லை. அதைத் திறந்து வைக்கும் பொறுப்பு நம் அனைவருடையதும் ஆகும்.